விதைநெல்லைக் குத்திப் பொங்கல்!

ஆலைச் சங்கு ஊதி அரைமணி நேரம் ஆகிறது. வாயிலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் பெஞ்சு நிறையத் தோழர்கள். பேச்சு எதைப் பற்றி என்கிறீர்கள்? போனஸ் பற்றியல்ல, தேர்தல் பற்றியல்ல, புதுப்படம் பற்றியுமல்ல. மியூச்சுவல் பண்டு பற்றி!

"அண்ணே, சந்தை சறுக்குதுன்னு சொல்றாங்களே, போட்ட பணம் என்னாகும்?" என்கிறார் நூற்புப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி.

"சறுக்கினா சறுக்கட்டும். நான் போட்ட பண்டு மாசம் தவறாம ஈவு கொடுக்குது. பாங்கி வட்டியைவிட அதிகம்!" என்கிறார், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையை அப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிட்ட பெரியவர்.

"கொடுக்குது, சரி. அந்தப் பணம் எங்கேயிருந்து வருது?"

"எங்கேயிருந்து வந்தா நமக்கென்ன தம்பி? வருதில்லே!"

நமக்கென்ன! தோழர்களே, நாக்கில் எளிதாகப் புரளும் இந்த ஒரு சொல்லுக்கு இந்நாட்டுச் சிறுசேமிப்பாளர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். பெரியவரைக் குறை கூற அல்ல. அவர் கேட்க மறந்த கேள்வியை நாம் அனைவரும் கேட்கவேண்டும் என்பதற்காக.

பங்குச் சந்தை சீமான்களின் சூதாட்டக் கூடம், அங்கே நமக்கு என்ன வேலை என்று ஒதுங்கி நின்ற காலம் ஒன்று உண்டு. அது மலையேறிவிட்டது! நீங்கள் சந்தைக்குப் போகாவிட்டாலும் சந்தை உங்களிடம் வந்துவிட்டது. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதியே 2015-ஆம் ஆண்டு முதல் பங்குகளுக்குப் போகிறது. ஆகவே, தெரிந்துகொள்வது பொழுதுபோக்கல்ல; கடமை.

பரஸ்பர நிதி என்பது என்ன? தனி ஒருவன் வாங்க முடியாத உழவு மாட்டை ஊரார் பத்துப் பேர் பணம் கூட்டி வாங்குவதில்லையா, அதுபோல. ஆயிரம் ரூபாய் வைத்திருப்பவன் நாற்பது கம்பெனிப் பங்குகளைத் தனியே வாங்க முடியாது. ஆயிரம் ஆயிரமாக லட்சம் பேர் கூடினால் முடியும். இலாபமும் பொது, நட்டமும் பொது. கருத்து நல்ல கருத்து! கூட்டுறவைப் போற்றும் நாம் அதைக் குறை கூறமாட்டோம். மாட்டை மேய்க்கப் பொறுப்பேற்பவன் எப்படிப்பட்டவன், கறவைக் கணக்கை ஒளிக்காமல் காட்டுகிறானா என்பதுதான் கேள்வி.

பொதுப்பணத்தைக் காக்கும் கதை இந்நாட்டில் எப்படி நடந்தது என்று சற்றே திரும்பிப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டு. மக்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் செலுத்திய பிரிமியப் பணத்தைக் காக்கவேண்டிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாயைக் கொட்டியது. கேட்டவர் யார்? எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ஆளுங்கட்சியிலேயே இருந்த பெரோஸ் காந்தி! நீதிபதி சாக்ளா விசாரித்தார். பூட்டிய அறையில் அல்ல, பொதுமக்கள் முன்னிலையில். கூட்டம் தாங்காமல் வெளியே நின்றவர்களும் கேட்க ஒலிபெருக்கி வைத்து! 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். கேட்க ஒருவர் இருந்தார். ஆகவே பதில் கிடைத்தது.

அதே கிருஷ்ணமாச்சாரி மீண்டும் நிதியமைச்சராக வந்தபோது பிறந்ததுதான் யூனிட் டிரஸ்ட். 1963-இல் சட்டம், 1964 ஜூலையில் முதல் திட்டம்: யூனிட் திட்டம் 64. ஒரு யூனிட் பத்து ரூபாய். குமாஸ்தாவும் ஆசிரியரும், விதவைத் தாயும் ஓய்வு பெற்ற தொழிலாளியும், சீமான்கள் மட்டுமே நுழைந்த பங்குச் சந்தையில் இனித் தாமும் பங்காளிகள் என்று சொல்லப்பட்டது. மக்கள் நம்பினர். சர்க்கார் பெயர் இருக்கிறதே, மோசம் போகுமா? ஆண்டுதோறும் ஈவு வந்தது, கூடிக்கொண்டே வந்தது. 1990-களின் முற்பகுதியில் 26 விழுக்காடுவரை ஏறியது! மகள் திருமணத்துக்கு யூனிட், மகன் படிப்புக்கு யூனிட், முதுமைக்கு யூனிட் என்று ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் கணக்கு வைத்திருந்தனர்.

இருபத்தாறு விழுக்காடு! அடேயப்பா என்கிறீர்களா? அங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். விழுக்காடு கணக்கிடப்பட்டது பத்து ரூபாய் முகமதிப்புக்கு. அப்போது யூனிட்டை வாங்கியவர் கொடுத்ததோ பதினான்கு, பதினைந்து ரூபாய். சொன்னது ஒன்று, கைக்குக் கிட்டியது அதைவிடக் குறைவு. இது சிறு விஷயம். பெரிய விஷயம் இனிமேல்தான்.

யூனிட்டின் விலை எப்படி முடிவாயிற்று? டிரஸ்ட் வைத்திருந்த பங்குகளும் பத்திரங்களும் சந்தையில் என்ன பெறும் என்று கணக்கிட்டு, யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தா? இல்லை! டிரஸ்டின் நிர்வாகமே ஒரு விலையை அறிவித்தது. ஜூலையில் ஒரு விலை, அடுத்த மாதம் சற்று அதிகம், அதற்கடுத்த மாதம் இன்னும் சற்று அதிகம். சந்தை விழுந்தாலும் இந்த விலை மட்டும் ஏறும்! உள்ளே இருந்த சொத்தின் உண்மை மதிப்பு வெளியே இருந்தவனுக்குத் தெரியாது. மற்ற பரஸ்பர நிதிகளைக் கண்காணித்த செபியின் விதிகளும் இந்தத் திட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை. இதற்குத் தனிச் சட்டம், தனித் தகுதி!

முதலில் பெரும்பாலும் நிலையான வட்டி தரும் பத்திரங்களில் இருந்த பணம் நாளடைவில் பாதிக்கு மேல் பங்குகளுக்கு மாறியது. பங்கு என்றால் ஏறும், இறங்கும். ஆனால் ஈவு மட்டும் இறங்கக்கூடாது என்று பிடிவாதம். இறங்கினால் பெயர் கெடுமே! சம்பாதித்தது போதாத ஆண்டுகளிலும் ஈவு வழங்கப்பட்டது. எங்கிருந்து? சேர்த்து வைத்திருந்த இருப்பிலிருந்து.

தோழர்களே, உழவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளைந்த நெல்லைக் குத்திப் பொங்கல் வைத்தால் அது திருநாள். விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் ஊரார் முன் மானம் போகக்கூடாது என்று விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைத்தால்? பானை பொங்கும். குழந்தைகள் குலவையிடும். ஆடிப்பட்டம் வரும்போதுதான் தெரியும், குதிர் காலி என்று!

குதிர் காலி என்ற செய்தி 1998-இல் வெளியே வந்தது. இருப்பு கரைந்து கழித்தல் கணக்கில் நின்றது. தீபக் பரேக் தலைமையில் குழு வந்தது. உண்மை மதிப்பை ஒட்டியே விலை வையுங்கள், அந்த நிலைக்குப் படிப்படியாக மாறுங்கள் என்றது. 1999-இல் சர்க்கார் கைகொடுத்துத் தூக்கிவிட்டது. நெருக்கடி தீர்ந்தது என்றனர். 2000 பிப்ரவரியில் பம்பாய்ச் சந்தையின் குறியீடு ஆறாயிரத்தைத் தொட்டது. கணினிக் கம்பெனிப் பங்குகள் வானத்தில் பறந்தன. பிறகு? பறந்தவை விழுந்தன. 2001 மார்ச்சில் கேத்தன் பரேக் ஊழல் வெடித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் குறியீடு மூவாயிரத்துக்கும் கீழே!

இப்போது கவனியுங்கள். 2001 ஏப்ரல், மே இரண்டே மாதங்களில் அந்தத் திட்டத்திலிருந்து ஏறத்தாழ நான்காயிரம் கோடி ரூபாய் வெளியேறியது. எடுத்தவர்கள் யார்? விதவைத் தாயா? ஓய்வு பெற்ற ஆசிரியரா? இல்லை. மிகப் பெரும்பகுதியை எடுத்தவை பெரிய கம்பெனிகள்! பதினான்கு ரூபாய்க்கு மேல் அறிவிக்கப்பட்ட விலையில் அவை விற்றுவிட்டு நடந்தன. உண்மை மதிப்பு அதற்கு வெகு கீழே இருந்தது. அந்த வேறுபாட்டை யார் ஏற்றனர்? உள்ளே தங்கிய சிறியவர்கள்!

ஜூலை 2-ஆம் நாள் கதவு சாத்தப்பட்டது. ஆறு மாதத்துக்கு விற்பனையும் இல்லை, திரும்பப் பெறுதலும் இல்லை. அந்த ஆண்டுக்கு ஈவு 10 விழுக்காடு. அதாவது யூனிட்டுக்கு ஒரே ரூபாய். மருத்துவமனைக்குக் கட்ட வேண்டியவர், மணநாள் குறித்துவிட்டவர், அத்தனை பேரும் கதவுக்கு வெளியே! நாடெங்கும் எழுந்த கூச்சலுக்குப் பிறகு, ஆகஸ்டு முதல், ஒருவர் 3,000 யூனிட்வரை பத்து ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று சிறு சாளரம் திறந்தது. ஆண்டு முடிவில் உண்மை மதிப்பை வெளியிட்டபோது யூனிட் ஒன்று ஆறு ரூபாய்க்கும் கீழே!

நாடாளுமன்றக் கூட்டுக் குழு துருவியது. 2002-இல் பழைய சட்டம் நீக்கப்பட்டது. 2003-இல் டிரஸ்ட் இரண்டாகப் பிளந்தது. நியாயமாகச் சொல்லவேண்டும்: சிறியவர்களைச் சர்க்கார் அடியோடு கைவிடவில்லை. 5,000 யூனிட்வரை பன்னிரண்டு ரூபாய், அதற்கு மேற்பட்டதற்குப் பத்து ரூபாய் என்று உறுதி தந்தது. காத்திருக்கத் தயாரானவர்களுக்கு 6.75 விழுக்காடு வரியற்ற பத்திரம், ஐந்தாண்டுத் தவணையில். ஆனால் அந்த இழப்பை ஈடுகட்டிய பணம் வானத்திலிருந்து விழவில்லை. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் கட்டுகிற வரிப்பணம் அது!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். பழைய டிரஸ்டின் கையிலிருந்து சர்க்கார் பொறுப்புக்குச் சென்ற பங்குகளில் ஐ.டி.சி., லார்சன் அண்ட் டூப்ரோ, இன்றைய ஆக்சிஸ் வங்கி ஆகியவையும் உண்டு. பிற்காலத்தில் அவை விற்கப்பட்டபோது கருவூலத்துக்குக் கிடைத்தது பல ஆயிரம் கோடி! சொத்து கெட்ட சொத்தல்ல, தோழர்களே. கணக்கு மறைந்தது, அதனால் நம்பிக்கை உடைந்தது, அதனால் காத்திருக்க முடியாதவன் கடைசியில் நின்றான்.

"அது பழங்கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது" என்பார்கள். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. இன்று ஒவ்வொரு நிதியும் நிகர சொத்து மதிப்பை வேலைநாள்தோறும் வெளியிட்டாக வேண்டும். ஆனால் பெரியவர் மாதந்தோறும் வாங்கும் அந்த ஈவு? இருபது ரூபாய் யூனிட்டில் ஒரு ரூபாய் ஈவு கொடுத்தால் மறுநாள் யூனிட்டின் மதிப்பு பத்தொன்பது! வலப்பையிலிருந்து எடுத்து இடப்பையில் போட்டதுபோல. ஈட்டிய இலாபத்திலிருந்தும் வரலாம், போட்ட முதலிலிருந்தே பிய்த்தும் வரலாம். மக்கள் இதை வட்டி என்று எண்ணி ஏமாறக்கூடாது என்றுதான் செபி, 2021 ஏப்ரல் முதல் இந்தத் திட்டங்களின் பெயரிலிருந்து ஈவு என்ற சொல்லையே நீக்கி, வருமானப் பகிர்வும் முதல் மீட்பும் சேர்ந்தது என்று பெயரிடச் செய்தது. பெயர்ப்பலகை மாறியது, தேநீர்க் கடைப் பேச்சு மாறவில்லை!

பங்கு வேண்டாம், கடன் பத்திர நிதியே பத்திரம் என்பாரும் உண்டு. 2020 ஏப்ரல் 23-ஆம் நாள், கொரோனா ஊரடங்கின் நடுவே, பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. சிக்கிய தொகை ஏறத்தாழ 25,000 கோடி! அதிக வருமானம் தேடித் தரமதிப்பீடு குறைந்த பத்திரங்களை அத்திட்டங்கள் நிறைய வாங்கியிருந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டபோது அவற்றை வாங்க ஆளில்லை. வழக்கு உச்சநீதிமன்றம்வரை போயிற்று. பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் ஊரடங்கில் வேலையிழந்தவனுக்கு அன்று தேவைப்பட்ட பணம் அன்று கிடைக்கவில்லை. அதிக வருமானம் என்பது இனாம் அல்ல. ஏதோ ஓர் ஆபத்துக்குக் கிடைக்கும் கூலி!

ஆகவே ஓடி ஒளியச் சொல்கிறேனா? இல்லை. கேட்கச் சொல்கிறேன். பணம் போடுமுன் மூன்று கேள்வி. தரப்போகும் வருமானம் விளைச்சலா, விதைநெல்லா? இன்றைய உண்மை மதிப்பு என்ன, அதை எங்கே பார்ப்பது? நெருக்கடி வந்தால் நான் என்று, எப்படி வெளியே வரமுடியும்? இவற்றுக்கு நேரான பதில் சொல்லாத முகவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் அவசர வைத்தியத்துக்கும் வேண்டிய பணத்தைச் சந்தைப் பக்கமே காட்டாதீர்கள். அது பாங்கியில் கிடக்கட்டும். பத்தாண்டு தொடவேண்டியிராத பணம் மட்டும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தாங்கும்.

அன்றைய சிறுசேமிப்பாளருக்கும் பெரிய கம்பெனிக்கும் இருந்த வேறுபாடு அறிவில் அல்ல, செய்தியில்! கம்பெனிக்குக் கணக்கு பார்க்க ஆள் இருந்தது. நமக்கு? நாம் ஒருவருக்கொருவர் இருக்கிறோம். கூலிக் கணக்கைக் கூடி நின்று சரிபார்க்கக் கற்ற நாம், சேமிப்புக் கணக்கையும் கூடி அமர்ந்து படிக்கக் கூடாதா? படிப்பகத்து மேசைமேல் பத்திரிகையோடு அந்த நிதி அறிக்கையையும் விரித்து வையுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தம்பி போதும்.

தேநீர்க் கடையில் பேச்சு முடியவில்லை. தம்பி தன் கைப்பேசியில் பெரியவரின் கணக்கைத் திறந்து, மூன்றாண்டுக்கு முன் போட்ட தொகையையும் இன்றைய மதிப்பையும் வாங்கிய ஈவையும் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுகிறார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறார்.

"இதிலே எது விளைச்சல், எது முதல்னு காட்டு தம்பி."

கேட்டுவிட்டார், தோழர்களே! முப்பதாண்டு உழைப்பின் பணம் அது. அதற்காக அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, உங்களுக்கும் உண்டு.