"ஆச்சி, மாத்திரை அட்டையைக் காட்டுங்க!" - ஏரல் வீடுகளுக்கு வரும் வைத்தியம்

"பிரஷர் மாத்திரையா? தலை சுத்தினா போட்டுக்கிடுவேன். மத்தபடி நான் நல்லாத்தான் இருக்கேன்."

ஏரல் பக்கம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளிடம் கேட்டால், பலரின் பதில் இதுவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டு ஆச்சியும் இதே கட்சிதான்!

இந்தப் பதிலில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை 2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 'ஸ்டெப்ஸ்' ஆய்வு காட்டியது. பெரியவர்களில் 33.9 சதவிகிதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய். அதைவிட அதிர்ச்சி, பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவிகிதம் பேருக்குத்தான். சர்க்கரையில் 10.8 சதவிகிதம். ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி இருக்கிறது, மாத்திரை இலவசம். அப்படியும் இந்த நிலை.

அதன் பிறகுதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. 2024-ல் ஐ.நா. விருது வரை போன திட்டம். 'வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார்கள்' என்றுதான் நம்மில் பலருக்கும் இதைத் தெரியும். மாத்திரையைக் கொடுக்க மட்டும் என்றால் ஒரு கூரியர் பையன் போதுமே! இந்தத் திட்டத்தின் உயிர், அதே ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் இருக்கிறது.

கை மட்டும் நீட்டினால் போதாது

பி.பி பார்ப்பதில் என்ன பெரிய வித்தை, பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்க வேண்டியதுதானே என்று நினைக்கிறோம். அதில்தான் பாதிப் பாடமே இருக்கிறது.

வயலிலிருந்து வந்தவரை வந்த வேகத்தில் பார்க்கக் கூடாது, ஐந்து நிமிடமாவது உட்கார வைக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது, பாதம் தரையில் பட வேண்டும். கை, நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். இறுக்கமான ரவிக்கைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றினால் அளவு தப்பும். சிறுநீரை அடக்கிக்கொண்டு இருந்தாலும், அளக்கும்போது பேசினாலும் எண் ஏறும். நம் வீடுகளில் பேசாமல் இருக்கச் சொல்வதுதான் கஷ்டம்! "மருமகள் எங்கே, பேரனுக்கு எப்போ பரீட்சை" என்று ஊர்க்கதை ஓட ஓடத்தானே பி.பி பார்க்கிறோம்.

ஒருமுறை 140/90-ஐத் தாண்டினால் உடனே நோயாளி என்று முத்திரை குத்திவிடவும் கூடாது. மறுபடி அளக்க வேண்டும், தொடர்ந்து கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நோயை முடிவுசெய்வதும் மருந்தை எழுதுவதும் டாக்டரின் வேலை.

அடுத்தது மாத்திரை அட்டை. "ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா?" என்றால் எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "ஆச்சி, அட்டையைக் காட்டுங்க" என்று வாங்கி, மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வெளியூர் டாக்டர் கேட்டால் ஆச்சி மழுப்புவார். அடுத்த தெருப் பெண் கேட்டால் அது நடக்காது. கோபப்படாமல் காரணத்தைக் கேட்டால், வயிறு எரிகிறது என்றோ, கண் தெரியாமல் இரண்டு மாத்திரைகள் குழம்பிப்போகின்றன என்றோ விஷயம் வெளியே வரும்.

நம் பகுதிக்கு முக்கியமான இன்னொன்று பாதம். ஏரலைச் சுற்றி நெல், வாழை. பக்கத்தில் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால். சேற்றிலும் ஈரத்திலும் வெறுங்காலோடு நிற்கிற வேலை. சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினால்கூடத் தெரியாது. புண் பெரிதான பிறகே தெரியும். அதனால் சர்க்கரை உள்ளவர்களின் உள்ளங்காலைத் தினமும் பார்க்கச் சொல்ல வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு கண்ணாடி போதும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக, ஒன்றியம்தோறும் பிசியோதெரபிஸ்ட்டும் ஆதரவு சிகிச்சை நர்ஸும் வருகிறார்கள். அவர்கள் போன பிறகு 24 மணி நேரமும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை, படுக்கைப்புண் வராமல் காப்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் இந்த நர்ஸ்தான்.

வெள்ளம் கேட்ட கேள்வி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை. தாமிரபரணி கரை மீறி, ஏரல் கடைத்தெருவை மூழ்கடித்து, ஊரையே பல நாட்கள் துண்டித்தது. ரோடு இல்லை, கரன்ட் இல்லை, போன் இல்லை. வெளியிலிருந்து யாருமே வர முடியாத அந்த நாட்களில் மாத்திரை நனைந்துபோனவர் என்ன செய்வார்? ஃப்ரிட்ஜ் நின்றுபோன வீட்டில் இன்சுலின் என்ன ஆகும்?

இன்சுலினுக்கு நம் கையிலேயே வழி உண்டு. பெரிய மண்பானையில் ஈர மணலைக் கொட்டி, அதற்குள் சின்னப் பானையை வைத்து, தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தைப் போட்டு மூடி, நிழலில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராவிட்டாலும் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும், வெயில் படாமல் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும். யார் வீட்டில் இன்சுலின் போடுகிறார்கள், யாருக்கு டயாலிசிஸ் என்பது அந்தத் தெருத் தன்னார்வலருக்கு மனப்பாடம். பேரிடர் பயிற்சியில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ஒரு பயிற்சி முகாமோடு இது முடிகிற விஷயமும் இல்லை. வேலூர் சி.எம்.சி-யில் படித்த டாக்டர்கள் ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதி 1970-ல் மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் செய்ததைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையும் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். வாரம்தோறும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த வாரம் சந்தித்த நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்தார்கள். அந்தப் பேச்சுதான் அடுத்த பாடம். 1979-ல் அந்தத் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னமும் 'தன்னார்வலர்' என்றுதான் பெயர், கையில் வருவது ஊக்கத்தொகைதான். சம்பளம், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் குரல் கொடுத்து வருகிறார்கள். நியாயம்தான். அதோடு, தெருத்தெருவாக நடந்து கற்ற அனுபவம் ஒரு சான்றிதழாக மாற வேண்டும், நர்ஸிங் படிக்க விரும்புகிறவருக்கு அது வழிவிட வேண்டும்.

சரி, அடுத்த முறை அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது, அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், மெடிக்கலில் வாங்கியது உட்பட, ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். உங்கள் தெருவுக்கு யார் வருகிறார் என்றே தெரியவில்லையா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அல்லது 104-க்கு போன் செய்யுங்கள்.