262 சதவீதம் இருந்தும் முடங்கிய வங்கி

2020 செப்டம்பர் 25. லட்சுமி விலாஸ் வங்கியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். இரண்டே நாளில் மூன்று பேர் குழு ஒன்றிடம் ரிசர்வ் வங்கி நிர்வாகத்தை ஒப்படைத்தது. டெபாசிட் போட்டவர்கள் பதற வேண்டாம் என்று வங்கி அப்போது ஒரு கணக்கைச் சொன்னது: லிக்விடிட்டி கவரேஜ் விகிதம் 262 சதவீதம், இருக்க வேண்டியது 100தான்.

நவம்பர் 17 மாலை 6 மணிக்கு அந்த வங்கி முடக்கப்பட்டது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. ரிசர்வ் வங்கி சொன்ன காரணங்களில் ஒன்று, டெபாசிட் தொடர்ந்து வெளியேறுகிறது, கைவசம் பணம் குறைந்துவிட்டது என்பது.

262 என்பது பொய்க்கணக்கா? அப்படித் தெரியவில்லை. அடுத்த 30 நாளில் நெருக்கடி வந்தால் எவ்வளவு பணம் வெளியே போகும் என்று ஓர் அனுமானம் போடுகிறார்கள். உடனே காசாக்கக்கூடிய அரசுப் பத்திரம், ரொக்கம் ஆகியவை அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்ப்பதே இந்த விகிதம். 2019 செப்டம்பரிலிருந்தே ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைக் கட்டுப்பாட்டில் இருந்த வங்கி அது. கடன் கொடுப்பது சுருங்கிய இடத்தில் பணம் தேங்கி நிற்பது இயல்பு. என் கணிப்பில், அந்த 262-ல் பலத்தைவிட முடக்கம்தான் அதிகம். தவிர, டெபாசிட்டில் இத்தனை பங்குதான் வெளியேறும் என்ற அனுமானம் சாதாரண பயத்துக்குப் பொருந்தும். டி.வி.யில் தினமும் பெயர் அடிபடும் வங்கிக்கு அது எந்த மூலைக்கு?

மூலதனக் கணக்கு வேறு கதை சொன்னது. ஒரு வங்கிக்குக் குறைந்தது 9 சதவீதமாவது மூலதன விகிதம் வேண்டும். இங்கே 2020 மார்ச்சில் 1.12, ஜூனில் 0.17, செப்டம்பரில் மைனஸ் 2.85. கொடுத்த கடனில் கால்பங்கு வாராக்கடன். மூன்று நிதியாண்டுகளாகத் தொடர்ந்து நஷ்டம். 2019-20ல் மட்டும் 836 கோடி ரூபாய். கரூரில் 1926ல் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கி, வியாபாரிகளுக்கே கடன் கொடுத்து வளர்ந்த வங்கி, பெரிய நிறுவனங்களுக்குப் பெரிய தொகைகளைக் கொடுக்கப் போய்ச் சிக்கிக்கொண்டது. அதே ஊரில் அதற்குப் பத்து வருடம் முன்னால் பிறந்த கரூர் வைஸ்யா வங்கி இன்றும் தன் பெயரிலேயே நடக்கிறது. ஊரின் மீது பழி போட வழியில்லை.

இந்தச் சரிவை ரேட்டிங் நிறுவனங்கள் பார்க்காமல் இல்லை. வங்கியின் கடன் பத்திரங்களுக்குத் தந்திருந்த தரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தன. ட்ரிபிள் ஏ-யில் தொடங்கி டி வரை போகும் அந்த ஏணியில், பிபிபி மைனஸுக்குக் கீழே இறங்கினால் அது முதலீட்டுக்கு உகந்த தரமே இல்லை. ஆனால் ரேட்டிங் என்பது பத்திரத்துக்கு. நம் வீட்டு எஃப்.டி. ரசீதில் அது அச்சாவதில்லை. அரை சதவீதம் வட்டி கூடக் கிடைக்கிறதா என்றுதான் கவுண்டரில் கேட்போம்.

கோடிக்கணக்கில் போடும் நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் அப்படியல்ல. இந்தத் தரத்துக்குக் கீழே உள்ள வங்கியில் பணம் வைக்காதே என்று பலவற்றில் உள்விதியே உண்டு. தரம் இறங்கினால் முதலில் கிளம்புவது அந்தப் பெருந்தொகை டெபாசிட். அதை நிறுத்திவைக்க வட்டியைக் கூட்ட வேண்டும். கூட்டினால் நஷ்டம் ஏறும். நஷ்டம் ஏறினால் தரம் இன்னும் இறங்கும். பெரிய வங்கிக்கு இதைத் தாங்கும் உடம்பு இருக்கிறது. 21,000 கோடிக்குச் சற்றுக் குறைவான டெபாசிட் வைத்திருந்த சிறு வங்கிக்கு இல்லை. புது மூலதனத்துக்கும் வழி அடைபட்டிருந்தது: இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸுடன் இணையும் திட்டத்தை 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கி நிராகரித்தது; கிளிக்ஸ் கேப்பிட்டல் என்ற நிதி நிறுவனத்துடன் நடந்த இணைப்புப் பேச்சு முடிவுக்கு வரவேயில்லை.

முடக்கம் பத்து நாள்தான். நவம்பர் 27ல் வங்கி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுடன் இணைந்தது. சிங்கப்பூரிலுள்ள அதன் தாய் வங்கியிடமிருந்து 2,500 கோடி ரூபாய் மூலதனம் வந்தது. டெபாசிட்தாரர் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஆசியாவிலேயே உயர்ந்த ரேட்டிங் கொண்ட வங்கிகளில் ஒன்றின் வாடிக்கையாளராக அவர்கள் ஒரே இரவில் மாறிப்போனார்கள்.

அடி வேறு இடத்தில் விழுந்தது. 318.20 கோடி ரூபாய் மதிப்புள்ள டயர் 2 கடன் பத்திரங்கள் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டன. வங்கி இனி பிழைக்காது என்று ரிசர்வ் வங்கி கருதினால் இந்தப் பணம் போகும் என்ற ஷரத்து அந்தப் பத்திரங்களிலேயே இருந்தது. கூடுதல் வட்டியே அதற்காகத்தான். ஆகவே பத்திரம் வாங்கியவர்கள்மேல் எனக்குப் பெரிய இரக்கம் வரவில்லை.

பங்குதாரர்கள் கதை அப்படியல்ல. பங்கு மூலதனமும் பூஜ்யமாக்கப்பட்டது. பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்குக்கு ஒரு பைசாகூட இல்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் இணைப்புக்குத் தடை விதிக்க மறுத்தது. ஆனால், பின்னால் இழப்பீடு தரவேண்டி வந்தால் கொடுப்பதற்காக, பங்குகளின் முகமதிப்புக்குச் சமமான தொகையைத் தனி இருப்பாக ஒதுக்கி வைக்கும்படி டி.பி.எஸ்.ஸிடம் சொன்னது.