பத்து விநாடி ஈசிஜி உங்கள் வயதைச் சொல்லிவிடும், தெரியுமா?

மருத்துவமனையில் புதுக் கருவி எதுவும் வேண்டாம். வழக்கமான ஈசிஜி, ஸ்கேன், எக்கோ போதும். பார்க்கும் கண்தான் புதுசு: ஏஐ!

ஆணா, பெண்ணா?
பெயர் மறைத்த ஈசிஜியைப் பார்த்து இதைச் சொல்லச் சொன்னால் பெரிய டாக்டரே திணறுவார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் உருவாக்கிய ஏஐ, 2019இல் நூற்றுக்கு தொண்ணூறு முறை சரியாகச் சொன்னது! வயதையும் சராசரியாக 7 வருடம் முன்னே பின்னே கணித்தது. நிஜ வயதைவிட ரொம்பக் கூடுதலாக அது கணித்தவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம், இதய நோய்!

‘நார்மல்’ ரிப்போர்ட்டிலும் துப்பு!
இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகப் படபடக்கும் கோளாறு, வரும், போகும். ஈசிஜி எடுக்கும் நேரத்தில் சமர்த்தாக இருந்துவிடும். பிறகு ரத்தம் கட்டி, பக்கவாதத்தில் கொண்டுபோய் விடவும் கூடும். சுமார் 6.5 லட்சம் ஈசிஜிகளை அலசிய அதே மேயோ குழுவின் ஏஐ, சீரான துடிப்பிலிருந்தே இந்தத் திருடனை ஏறக்குறைய 79% துல்லியமாக அடையாளம் காட்டியது!

கண்ணுக்குள் இதயம்!
கத்தி வைக்காமல் ரத்தக் குழாயை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 2018இல் கூகுள் குழு 2.84 லட்சம் பேரின் விழித்திரைப் படங்களை ஏஐக்குக் காட்டிப் பழக்கியது. ஐந்தாண்டுக்குள் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வந்த ஒருவர், வராத ஒருவர். இருவர் படத்தையும் வைத்தால், வந்தவரை 70% சரியாகச் சுட்டியது!

எக்கோ எடுத்த நர்ஸுகள்!
அல்ட்ராசவுண்ட் எடுத்தே பழக்கமில்லாத 8 நர்ஸுகள். கையில் புரோப். இப்படிச் சாய்க்கணும், அப்படித் திருப்பணும் என்று திரையில் ஏஐ வழிகாட்ட, 240 நோயாளிகளுக்கு எக்கோ எடுத்தார்கள். இடது கீழறையின் அளவைக் கணிக்க ஏறக்குறைய எல்லாப் படங்களும் தேறின! இந்த மென்பொருளுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2020இல் அனுமதி தந்தது.

தழும்பு சொல்லும் ஜாதகம்!
மாரடைப்பு இதயத்தில் தழும்பை விட்டுப்போகும். ஆளுக்கு ஆள் அதன் வடிவம் வேறு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நதாலியா டிரயனோவா குழு 2022இல் வெளியிட்ட ஏஐ, எம்ஆர்ஐ படத்தில் தெரியும் தழும்பை வைத்து, அந்த ஒருவருக்குத் திடீர் இதய மரணம் நேரும் ஆபத்தைப் பத்தாண்டு வரை கணிக்கிறது. நெஞ்சுக்குள் அதிர்ச்சிக் கருவி யாருக்குப் பொருத்துவது என்று முடிவெடுக்க இது கைகொடுக்கக்கூடும்.

ஆனால் இதுவும் தெரியுமா?
ஈசிஜி எடுக்கும் ஆப்பிள் வாட்ச், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது! அந்த நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சை அடைத்தால் வாட்சைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.