கண் மருத்துவமனையும் கணிப்பொறி நிரலும்

பலர் கூடிச் செய்யும் பெரும்பணி எதுவாயினும் அதற்கு ஒழுங்கே உயிர்நாடியாகும். ஒருவரே எல்லா வேலைகளையும் செய்ய முற்பட்டால் வேலை தேங்கும். எல்லாரும் எல்லா வேலைகளிலும் தலையிட்டால் குழப்பம் மிகும். இன்னார்க்கு இன்ன கடமை என வரையறுத்துக்கொண்டு, அவரவர் தத்தம் கடமையைச் செவ்வனே ஆற்றுமிடத்துப் பணி சிறக்கும். இவ்வுண்மை நிறுவனங்களுக்கு மட்டுமன்றி, அந்நிறுவனங்களுக்காக எழுதப்பெறும் கணிப்பொறி நிரல்களுக்கும் பொருந்தும். கடமைகளை இவ்வாறு பகுத்தளித்து நிரல் எழுதும் முறைக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் என்று பெயர்.

மதுரை மாநகரில் இவ்வொழுங்கிற்குச் சிறந்த சான்று ஒன்று உண்டு. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி, 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணியிருந்தும் நுண்ணிய அறுவைச் சிகிச்சை செய்யப் பழகியவர் அவர். அவர் தொடங்கிய நிறுவனம் இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான அறுவைச் சிகிச்சைகளைச் செய்கின்றது. இத்துணை வளர்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்று கடமைப் பகிர்வாகும். அங்கே மருத்துவர் ஒரு மேசையில் ஒருவர்க்கு அறுவை செய்துகொண்டிருக்கும்போதே, பயிற்சி பெற்ற செவிலியர் அடுத்த மேசையில் மற்றொருவரை ஆயத்தம் செய்துவிடுகின்றனர். ஒருவர் வேலையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை. ஆயினும் எல்லார் வேலையும் ஒன்றோடொன்று இயைகின்றது.

அம்மருத்துவமனை 2004ஆம் ஆண்டு முதல் சிற்றூர்ப் பகுதிகளில் கண் பரிசோதனை மையங்களையும் நிறுவி வருகின்றது. அங்கு வரும் நோயாளியின் குறிப்புகளைத் தொலைவிலுள்ள மருத்துவர் கணிப்பொறி வாயிலாகக் கண்டு, அவரோடு உரையாடி அறிவுரை கூறுகின்றார். எனவே குறிப்புகள் பிழையின்றி இருத்தல் வேண்டும். வலக்கண்ணின் அளவு இடக்கண்ணின் பெயரில் பதிவாகிவிட்டால் விளையும் தீங்கு சிறிதன்று. கணக்கில் நேரும் பிழையைப் பின்னர்த் திருத்தலாம். கண்ணில் நேரும் பிழையைத் திருத்துதல் அரிது. ஆதலின் இத்தகைய மருத்துவமனை ஒன்றுக்கு நிரல் வகுப்பவர் எவ்வாறு சிந்தித்தல் வேண்டும் என்பது அறியத்தக்கது.

முன்னாளில் எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றில், தரவுகள் ஒருபுறமும் அவற்றைக் கையாளும் கட்டளைகள் மற்றொருபுறமுமாக இருந்தன. தரவுகள் பொதுச் சத்திரத்துத் திண்ணைபோல் எவரும் புகும் இடத்திற் கிடந்தன. நிரல் சிறிதாயின் இதனால் இடரில்லை. வரவேற்பு, பரிசோதனை, அறுவைக்கூடம், மருந்தகம், கணக்கு எனப் பல பிரிவுகள் அதே தரவுகளைத் தொடும்போது, ஒரு பிரிவுக்காகச் செய்த மாற்றம் மற்றொரு பிரிவைக் கெடுத்துவிடும். கெடுத்தது எது என்று கண்டறிவதற்கே பல நாட்கள் செல்லும்.

இவ்விடரைத் தீர்க்கும் பொருட்டு, தரவுகளையும் அவற்றுக்குரிய செயல்களையும் ஒன்றாகக் கட்டி வைத்தனர் அறிஞர். அக்கட்டே ‘பொருள்’ எனப்படும். பொருள்களை ஆக்குவதற்குரிய வரைவு ‘இனக்குழு’ எனப்படும். ‘கண்’ என்னும் இனக்குழுவை எடுத்துக்கொள்க. கண் ஒன்றுக்குப் பார்வைத் திறன், உள்ளழுத்தம், பொருத்த வேண்டிய வில்லையின் திறன் ஆகிய தரவுகள் உண்டு என்பது அவ்வரைவில் எழுதப்பட்டிருக்கும். அவ்வரைவைக் கொண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் வலக்கண், இடக்கண் என இரண்டு பொருள்கள் ஆக்கப்படும். வரைவு ஒன்றே, பொருள்கள் இரண்டு, ஒவ்வொன்றும் தன் அளவுகளைத் தானே வைத்திருக்கும். ஒரு வரைபடத்தைக் கொண்டு பல வீடுகள் கட்டினும், ஒரு வீட்டில் வைத்த பண்டம் மற்றொரு வீட்டிற்குச் செல்லாதது போன்றது இது.

பொருள் தன் தரவுகளை வெளியார் நேரே தொடாதவாறு காத்துக்கொள்ளுதல் ‘உறைபொதியாக்கம்’ எனப்படும். கண்புரையை நீக்கியபின் கண்ணினுள் செயற்கை வில்லை ஒன்றை வைப்பர். 1992ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கப்பெற்ற ஆரோலேப் நிறுவனம், இவ்வில்லைகளை ஏழையரும் பெறத்தக்க விலையில் செய்து வழங்கியது. வில்லையின் திறன் பெரும்பாலோர்க்கு ஏறத்தாழ 20 டயாப்டர் அளவில் அமையும். அதனைப் பதிவு செய்பவர் புள்ளியைத் தவறவிட்டு 20.0 என்பதை 200 என்று எழுதிவிட்டதாகக் கொள்க. தரவு திறந்து கிடப்பின் அவ்வெண் அப்படியே பதிந்துவிடும். உறைபொதியாக்கம் உள்ள நிரலிலோ, ‘திறனைப் பதிவு செய்’ என்னும் செயற்கூற்றின் வழியாகவே எண் உள்ளே புகுதல் இயலும். அச்செயற்கூறு எண்ணை ஆராய்ந்து, ‘இது பொருந்தாது’ என மறுத்துவிடும். எனினும் 20 என்பதற்கு 21 என்று எழுதினால் நிரல் அதனை அறியாது. ஆகவே, நிரல் மனிதரின் விழிப்புக்குத் துணையேயன்றி மாற்று ஆகாது.

ஓர் இனக்குழுவின் பண்புகளை மற்றோர் இனக்குழு வழிவழியாகப் பெறுதல் ‘மரபுரிமம்’ ஆகும். இங்கே தொடக்கநிலை மாணவர் தவறுதல் கூடும். ‘நோயாளி’ என்னும் இனக்குழுவிலிருந்து ‘வெளிநோயாளி’, ‘உள்நோயாளி’ என இரண்டை வருவிக்கலாம் என்று அவர் எண்ணுவர். மேலூரிலிருந்து இன்று பரிசோதனைக்கு வந்தவர், நாளை அறுவைக்காகப் படுக்கையிற் சேர்தல் கூடுமன்றோ? ஆள் ஒருவரே, மாறியது அவர் வருகையின் தன்மையே. ஆதலின் நோயாளியை ஒரே இனக்குழுவாக நிறுத்தி, ‘வருகை’ என்பதிலிருந்து பரிசோதனை வருகை, அறுவை வருகை, முகாம் வருகை ஆகியவற்றை வருவித்தலே தக்கது. நாள், நேரம், கண்ட மருத்துவர் ஆகிய பொதுப் பண்புகளை ஒருமுறை எழுதினால் போதும். மூன்றும் அவற்றைப் பெறும். உலகத்தை உள்ளவாறு அறியாதவன் நல்ல நிரல் எழுத மாட்டான் என்பது இதனால் விளங்கும்.

ஒரே கட்டளைக்குப் பல பொருள்கள் தத்தம் இயல்புக்கேற்ப மறுமொழி தருதல் ‘பல்லுருவாக்கம்’ எனப்படும். கணக்குப் பிரிவு ஒவ்வொரு வருகையையும் நோக்கி, ‘உன் கட்டணம் யாது?’ என்று வினவும். பரிசோதனை வருகை சிறு தொகையைக் கூறும். அறுவை வருகை பெருந்தொகையைக் கூறும். இலவச முகாம் வருகை சுழியைக் கூறும். வினா ஒன்றே; விடைகள் வேறு. நாளை புதியதொரு வருகை வகை தோன்றினும், அதற்கு மட்டும் ஓர் இனக்குழுவை எழுதினால் போதும். கணக்குப் பிரிவின் நிரலை மாற்ற வேண்டுவதில்லை.

இக்கருத்துகளின் வரலாறும் சுவையுடையது. நார்வே நாட்டு அறிஞராகிய ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நீகார்ட் என்னும் இருவர் 1967ஆம் ஆண்டில் ‘சிமுலா 67’ என்னும் மொழியை அமைத்தனர். வரிசையில் காத்திருத்தல் போன்ற உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியில் போலச்செய்து காணும் முயற்சியிலிருந்தே அது பிறந்தது. 1970களில் அமெரிக்காவில் ஆலன் கேயும் அவர்தம் குழுவினரும் ‘ஸ்மால்டாக்’ மொழியை உருவாக்கினர். பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் என்பார் 1979இல் தொடங்கிய முயற்சி, 1985இல் ‘சி பிளஸ் பிளஸ்’ மொழியாக வெளிவந்தது. 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ‘ஜாவா’ மொழியை வெளியிட்டது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் ஜேம்ஸ் காஸ்லிங். ஜாவா நிரல் இடைநிலை வடிவமொன்றாகப் பெயர்க்கப்பட்டு, மெய்நிகர் இயந்திரம் என்னும் மென்பொருளின் மேல் இயங்கும். எனவே வெவ்வேறு வகைக் கணிப்பொறிகளை உடைய பெருநிறுவனங்கள் அதனை விரும்பி ஏற்றன.

தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் போல நிரலர்க்கும் கருவிகள் உண்டு. நிரலை எழுதவும் திருத்தவும் உதவுவது தொகுப்பி. எழுதியதைக் கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவது நிரல்பெயர்ப்பி. எண் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இருப்பின் அது தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டும் வகையில் ஜாவா போன்ற மொழிகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு செயற்கூறும் சரியான விடை தருகின்றதா என்று ஆராய்வன சோதனை நிரல்கள். 200 என்னும் திறன் மறுக்கப்படுகின்றதா என்பதை, நோயாளி எவரும் வருமுன்னரே அவை காட்டிவிடும். யார், எப்பொழுது, எதை மாற்றினார் என்னும் வரலாற்றைக் காப்பது பதிப்புக் காப்புக் கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய ‘கிட்’ இவ்வகையைச் சார்ந்தது. புதிய மாற்றத்தால் பிழை நேரின், முந்தைய நல்ல நிலைக்குத் திரும்ப அது வழி செய்யும்.

பெருநிறுவன நிரலுக்குத் தரவுத்தளமும் இன்றியமையாதது. கணிப்பொறியை நிறுத்தினும் அழியாமல் குறிப்புகளைக் காப்பது அதுவே. கையிருப்பில் ஒரு வில்லையே இருக்க, இரண்டு கூடங்களிலிருந்து ஒரே நொடியில் அதனைக் கேட்டால் என்னாகும்? நிரல் முறையாக எழுதப்பட்டிருப்பின், தரவுத்தளம் அவ்விரு வேண்டுகோள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஏற்கும். முதல்வர்க்கு வில்லையை ஒதுக்கி, மற்றவர்க்கு இல்லை எனத் தெரிவிக்கும். வில்லையை ஒதுக்குதலும் இருப்பைக் குறைத்தலும் இரண்டும் நிகழும். அல்லது இரண்டும் நிகழா. ஒன்று நிகழ்ந்து மற்றொன்று நிற்கும் அரைகுறை நிலைக்கு அங்கே இடமில்லை.

திருப்பரங்குன்றத்தில் 1957ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் தியாகராசர் பொறியியற் கல்லூரி போன்ற கல்லூரிகளில் இக்கலையைப் பயில்வோர் பலர். இலந்தைக்குளம், வடபழஞ்சி ஆகிய இடங்களில் தமிழ்நாட்டு மின்னணு நிறுவனம் அமைத்துள்ள தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் மதுரையைச் சூழ்ந்துள்ளன. மொழிகள் மாறும், கருவிகளும் மாறும். தன் கடமையைத் தெளிவாக அறிதல், தன்னிடம் ஒப்படைத்ததைப் பழுதுறாமல் காத்தல், பிறர் கடமையிற் குறுக்கிடாது அவரோடு இயைந்து பணியாற்றல் என்னும் நெறிகளோ மாறுவதில்லை. நிரலில் உள்ள பொருளுக்கும் அதனை எழுதும் மனிதனுக்கும் இந்நெறிகள் பொதுவாகும். திரைக்கு அப்பால், பார்வையை நம்பி ஒப்படைத்த சிற்றூர் முதியவர் ஒருவர் இருக்கின்றார் என்பதை மறவாதவனே சிறந்த நிரலன் ஆவான்.