ஒரு பிடி குறிஞ்சா

கிளினிக் நாளில் மருந்து கொடுக்கும் யன்னலுக்கு முன்னால் நிற்கிற வரிசை முற்றத்து வேம்புவரை போகும். அப்படி ஒரு நாள், வரிசையில் நின்ற ஆச்சி ஒருவர் மெல்லச் சரிந்து சுவரோடு இருந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. சலரோகக்காரி என்பது கையில் இருந்த கொப்பியில் தெரிந்தது. சீனி இறங்கிவிட்டது என்று விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன பிள்ளை, வெறுந்தண்ணியைத் தாறாய்? சீனி போடேல்லையே?"

கிளாசின் அடியில் கரையாத சீனி எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் கேள்வியிலேயே மிச்சக் கதையும் விளங்கிவிட்டது.

"ஆச்சி, காலமை குறிஞ்சா இலை சப்பினனீங்களோ?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை, பிள்ளை."

பஸ் வரும்வரை சந்தியில் நின்று சப்பியிருக்கிறார். சிறுகுறிஞ்சா இலையில் உள்ள ஒரு சத்து நாக்கில் இனிப்பை அறிகிற இடங்களைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அரைமணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே, சீனி வாயில் மணல்போலக் கிடக்கும். அதை எனக்குக் காட்டித் தந்தவர் என் அம்மப்பா. ஆறு வயதில் ஒரு இலையைச் சப்பச் சொல்லிவிட்டு, பனங்குட்டானில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டார். நான் அழுதேன். குட்டானில் மண்ணைக் கலந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஆச்சிக்கு மயக்கம் வந்தது இலையால் மட்டும் என்று சொல்லமாட்டேன். இரத்தம் எடுக்க வேண்டுமென்று வெறுவயிற்றில் வந்தவர், பழக்கதோஷத்தில் குளிசைகளைப் போட்டுவிட்டார். அதில் ஒன்று கிளிபென்கிளமைட்; சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுகிற குளிசை. அதற்கு மேலே இலை. மூன்றும் ஒரே காலையில் சேர்ந்துவிட்டன.

நான் யாழ்ப்பாணத் தீவகத்து நாரந்தனையாள். தீவகத்திலும் வெளியிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மப்பா பரியாரி. அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் என் காதில் விழுந்திருக்கிறது. டொக்டர்மார் "இந்த இலை குழையெல்லாம் நிப்பாட்டச் சொல்லுங்கோ மிஸ்" என்பார்கள். சனம் "இங்கிலீசு மருந்து சூடு, இலை எண்டால் ஒண்டும் செய்யாது" என்று சொல்லும். எனக்கு இரண்டோடும் பிணக்கு.

இலை ஒன்றும் செய்யாது என்றால், அது மருந்தாகவும் இருக்க முடியாது. அம்மப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் வளவின் தெற்குப் பக்கத்தில் ஓலையால் மேய்ந்த மருந்துக் கொட்டில் இருந்தது. உள்ளே கல்வம், துணியில் கட்டித் தொங்கவிட்ட சரக்குகள், ஏழாலை பொன்னையாபிள்ளை பதிப்பித்த பரராசசேகரத்தின் பழைய பாகங்கள் இரண்டு. அவர் ஆடாதோடைக் குடிநீர் போடுகிற நாளில் நான்தான் தண்ணீர்க்காரி. தீவுக் கிணறுகள் பலவற்றில் உவர். "உவர்த் தண்ணியிலை வைச்சால் அது மருந்தில்லை, சொதி" என்று சொல்லி, நல்லதண்ணிக் கிணற்றுக்குக் குடத்தோடு அனுப்பிவிடுவார். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்ற வேண்டும். அகப்பைக் காம்பைச் சட்டிக்குள் நிமிர்த்தி வைத்து, முதலில் நனைந்த இடத்தில் நகத்தால் கீறிவிடுவார். தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று அந்தக் கீறலை வைத்துத்தான் பார்ப்பார். குழந்தைக்கு எத்தனை சங்கு, பெரியவருக்கு எவ்வளவு, எத்தனை நாள், என்ன பத்தியம் என்று எல்லாம் சொல்லித்தான் போத்தலைக் கையில் கொடுப்பார். இப்போது யூரியூப்பைப் பார்த்து இலையை மிக்சியில் அடித்துக் குடிக்கிறவர்களிடம் இலை மட்டும் இருக்கிறது. அந்தக் கீறல் இல்லை.

பிறகு நான் படித்து, வெள்ளைத் தட்டில் குளிசை எண்ணத் தொடங்கிய காலத்தில் ஒரு விஷயம் தெரிந்தது. சளிக்குக் கொடுக்கிற புரோமெக்சின் குளிசை ஆடாதோடையின் வழிவந்த பிள்ளை. ஆடாதோடையில் வாசிசின் என்று ஒரு பொருள். அதை மாதிரியாக வைத்து ஆய்வுகூடத்தில் மாற்றிக் கட்டி, 1960களில் ஜேர்மனியில் மருந்தாக்கினார்கள். ஒவ்வொரு குளிசையிலும் 8 மில்லிகிராம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மப்பாவின் அகப்பைக் கீறல் செய்த வேலையைத்தான் அந்த எட்டும் செய்கிறது. இன்னும் திருத்தமாக, அவ்வளவுதான்.

எங்கள் கிளினிக்கில் பை பையாகப் போகிற மெற்போமினுக்கும் ஒரு செடிக் கதை உண்டு. ஐரோப்பாவில் கலேகா என்ற ஊதாப்பூச் செடியை, தாகம் எடுத்து அடிக்கடி சலம் போகிறவர்களுக்கு அந்தக் காலத்து வைத்தியர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது ஆட்டைக் கொல்லுகிற செடி. அதிலிருந்த பொருளைப் பிடித்துக்கொண்டு, நஞ்சைக் குறைத்துக் குறைத்து வந்த வழியில்தான் 1957இல் பாரிசில் ஜோன் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் மெற்போமினை நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். "இங்கிலீசு மருந்து வேண்டாம், இலைதான் வேணும்" என்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். டிகொக்சினோ, மாதிரி வைத்துக் கட்டியதுகூட இல்லை; இன்றைக்கும் செடியிலிருந்தே எடுக்கிற இருதய மருந்து. 0.25 மில்லிகிராம் குளிசை. குணத்துக்கும் நஞ்சுக்கும் இடையில் ஒரு விரலிடைதான். அதன் ஒன்றுவிட்ட சகோதரம் நம் வேலிகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அலரிக்குள் இருக்கிறது. அந்த நஞ்சேறி வருகிறவர்களுக்கு, டிகொக்சினை முறிக்கவென்று செய்த மருந்தே உயிர் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்ததில் எனக்கு நெருக்கமானது நித்தியகல்யாணி. பட்டிப்பூ என்றும் சொல்வோம். சுடலைப் பக்கம் நிற்பதால் வீட்டு முற்றத்தில் வேண்டாம் என்பாரும் உண்டு. 1990இல் போரால் தீவகம் இடம்பெயர்ந்தது. பல வருஷம் கழித்து நாங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது கூரை இல்லை, மருந்துக் கொட்டில் இருந்த தடமே இல்லை. அம்மப்பாவின் செடிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. சீமெந்து நிலம் வெடித்த இடமெல்லாம் இந்தப் பூ மட்டும் வரிசையாக நின்றது. யாரும் நடாதது, யாரும் தண்ணீர் ஊற்றாதது.

இந்தச் செடியின் கதையில் கனடாவும் வருகிறது. அங்கே இன்னொரு லண்டன் இருக்கிறது. ரொரன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். அவருடைய தமையன் கிளார்க் நோபிளும் வைத்தியர்தான். இன்சுலின் கண்டுபிடித்த காலத்தில் அந்தக் குழுவோடு வேலை செய்தவர். 1952இல் தமையனுக்கு ஜமேக்காவிலிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே 25 இலைகள். அங்குள்ள சனம் சலரோகத்துக்கு இதை அவித்துக் குடிக்கிறார்கள் என்று செய்தி. அவர் அதைத் தம்பியிடம் கொடுத்தார்.

எலிக்கு வாய்வழி கொடுத்தார்கள். சீனி இறங்கவில்லை. சாற்றை ஊசியால் ஏற்றினார்கள். அப்போதும் இறங்கவில்லை, ஆனால் எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. வேறு யாராவது என்றால் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நோபிள் ஏன் செத்தது என்று பார்த்தார். வெள்ளைக் குருதிக் கலங்கள் அடியோடு குறைந்திருந்தன. அப்படியென்றால் வெள்ளைக் கலம் கட்டுக்கடங்காமல் பெருகுகிற நோய்க்கு? இரசாயன அறிஞர் சார்ள்ஸ் பியரோடு சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தார். அதே செடியிலிருந்து அமெரிக்காவின் எலை லில்லி கம்பனி எடுத்த வின்கிறிஸ்ரின் 1963இல் அங்கே அனுமதி பெற்றது. பிள்ளைகளுக்கு அதிகம் வருகிற இரத்தப் புற்றுநோய் வகையில் இன்றுவரை அது இல்லாமல் வைத்தியம் இல்லை. வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறபோது, வசதியுள்ள நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் தப்பிவிடுகிறார்கள்.

எங்கள் அயலில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் வந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடுமுறைக்கு வந்தபோது தாய் என்னிடம் கொப்பியைக் கொண்டுவந்து, "அக்கா, இது என்ன ஊசி?" என்று கேட்டாள். நான் அறிவைக் காட்ட ஆசைப்பட்டு, கிணற்றடியில் நின்ற பூவைக் காட்டினேன். "இதிலை இருந்து வந்த மருந்துதான் பிள்ளை."

அடுத்த நாள் காலமை பார்க்கிறேன், செடியில் பாதியைக் காணவில்லை. ஓடினேன். அடுப்பில் சட்டி வைத்தாயிற்று.

அன்றைக்கு அவளைப் பேசிய பேச்சில் பாதி என்னையே பேசியது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. நாளத்துக்குள் மட்டும்தான் ஏற்றலாம். முள்ளந்தண்டுக்குள் தவறிப் போனால் ஆளைக் காப்பாற்றுவது மிக அரிது. அந்த ஊசியில் இருப்பது ஒரேயொரு பொருள். சட்டியில் கொதித்ததில் எழுபதுக்கு மேல். எது எவ்வளவு என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏற்கெனவே வெள்ளைக் கலம் இறங்கிக் கிடக்கிற பிள்ளை அது. சட்டியைக் கவிழ்த்துவிட்டு இரண்டு பேரும் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதோம். பிள்ளை இப்போது ஏ.எல். படிக்கிறான்.

இலையை முறையாகச் சோதித்துப் பார்த்த கதைகளும் உண்டு. எல்லாம் வெற்றிக் கதைகள் இல்லை. செங்கமாரிக்கு நாங்கள் கொடுக்கிற கீழ்க்காய்நெல்லியை எடுத்து, சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஆராய்ந்தார்கள். ஹெபடைற்றிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பேர்க்கும் கூட இருந்தார். 1988இல் லான்செற் இதழில் முடிவு வந்தது: கிருமியைக் காவித் திரிந்தவர்களில், மூலிகை குடித்த நூறு பேருக்கு 59 பேரில் அதன் அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை குடித்தவர்களில் நூறு பேருக்கு 4 பேரில்தான். அந்த நேரம் நாங்கள் தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்டோம். பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. கீழ்க்காய்நெல்லியிலேயே பல இனம். எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பிடுங்கியது என்ற கேள்வியும் உண்டு. அதற்காக 59ஐ மட்டும் சொல்லி மிச்சத்தை மறைத்துப் போத்தல் விற்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. 2020 கடைசியில் கேகாலையில் கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்ததையும், அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்ததையும் நாடே பார்த்தது.

அம்மப்பாவும் எல்லாம் அறிந்தவர் இல்லை. விஷக்கடிக்கு ஆடுதீண்டாப்பாளை வைத்திருந்தார். அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைத் தின்று, சலவழியில் புற்றுநோயும் உண்டாக்கும் என்பது 1990களில் பெல்ஜியத்தில் மெலிய மருந்து குடித்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்த பிறகுதான் உலகத்துக்கு உறைத்தது. ஒரு பரியாரியின் ஆயுளுக்குள் தெரியவராத கேடு அது. இன்று குடித்தால் பல வருஷம் கழித்துத்தான் காட்டும்; அதற்குள் ஆள் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

ஆச்சியின் கதைக்கு வருகிறேன். சீனித்தண்ணீரும் ஒரு துண்டு பாணும் உள்ளே போக அவர் தெளிந்துவிட்டார். சொல்லிப்போடாதை என்று கேட்டவர்தான், நான் சொன்னேன். கொப்பியில் குளிசைகளுக்குக் கீழே "குறிஞ்சா இலை, தினமும்" என்று எழுதி உள்ளே அனுப்பினேன். ஆச்சி என்னை முறைத்துக்கொண்டு போனார்.

இளம் டொக்டர், தெற்கிலிருந்து வந்தவர். தமிழ் தட்டித்தடவித்தான் வரும். கொப்பியோடு அவரே எழும்பி வந்தார். "மிஸ், இது மஸ்பெத்தவா, அங்குணவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் இரண்டையும் குறிஞ்சா என்றுதான் சொல்வோம். வறை வறுக்கிற பெருங்குறிஞ்சா வேறு, அதுதான் சிங்களத்தில் அங்குண. இது சிறுகுறிஞ்சா. "மஸ்பெத்த" என்றேன். தன் அம்மாவும் அதைச் சோற்றோடு போடுவார் என்றார். ஆச்சியை நோட்டம் பார்த்தபடி, "எவ்வளவு சாப்பிட்டது?" என்று கேட்டார்.

"ஒரு பிடி, ஐயா."

டொக்டர் எழுதப் போய் நிறுத்தினார். "யாருடைய கை?"

ஆச்சி கையைப் பொத்திக் காட்டினார். வாதத்தில் வளைந்த விரல்கள் முழுதாக மூடவில்லை. டொக்டர் தன் கையைப் பொத்திப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு குளிசையைப் பாதியாக்கி, அடுத்த கிளினிக்குக்கு வரும்போது இலையையும் கொண்டுவரச் சொன்னார்.

மாதம் திரும்பியதும் ஆச்சி வந்தார், ஷொப்பிங் பையில் கொடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு.