கையெழுத்து கேட்ட மலையும் கேட்காத மலையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றைத் தாண்டித்தான் 22 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். உருண்டு வழுவழுத்த கற்கள் நிறைந்த ஆறு. விடுமுறை நாளில் அங்கே குளிக்க இறங்கும் கூட்டத்துக்கு, மேலே இருப்பது தேயிலைக் கூலிகள் உழைத்துத் தேய்ந்த மலை என்பது தெரியாது.

விதுராவிலிருந்து பிரியும் இன்னொரு பாதை போணக்காட்டுக்குப் போகிறது. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் இடம். வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டம் அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் குடியேறியவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அந்தத் தோட்டம் ஒரே நாளில் மூடப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முடங்கியது. கூலி பாக்கி நின்றது, கிராஜுவிட்டி பாக்கி நின்றது, லயங்களின் கூரை சிதைந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடுக்கி மாவட்டத்துப் பீருமேட்டிலும் தோட்டம் தோட்டமாக இதுவே நடந்தது.

இதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பாம்பே பர்மா கம்பெனி தேயிலை வளர்த்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து கிள்ளிய குடும்பங்கள். கூலி உயர்வும், சிறையில் இருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு ஊர்வலம் போனபோதுதான், 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. குத்தகை முடிவது 2028-இல். ஆனால் 2024 கோடையிலேயே கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தைத் தொழிலாளர் முன் நீட்டிவிட்டது. கையெழுத்துப் போடு, பணத்தை வாங்கு, வீட்டைக் காலி செய். தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை.

ஒரு பக்கம் கையெழுத்து கேட்கும் தாள். மறுபக்கம், போணக்காட்டில், தாளே கிடையாது. சட்டத்தின் கண்ணில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்புக்கான பாதுகாப்பு 1953-இல் சேர்க்கப்பட்டது. தொடர்ந்து ஓராண்டு, அதாவது 240 நாள், வேலை செய்த தொழிலாளியை அனுப்ப வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சமும் ஓர் ஆண்டாகவே எண்ணப்படும். 12 ஆண்டு 7 மாதம் கொழுந்து கிள்ளியவருக்கு 13 ஆண்டுக் கணக்கு, 195 நாள் சம்பளம். கிராஜுவிட்டி இதில் சேராது, அது தனி. ஒரே வகை வேலையில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும். மறுபடி ஆள் எடுத்தால் போனவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

விருப்ப ஓய்வை ஆட்குறைப்பு என்ற சொல்லிலிருந்து சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. "நானாகவே போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர், பிறகு "என்னை அனுப்பினார்கள்" என்று சொல்வது கடினம். மாஞ்சோலையில் வேலையும் வீடும் ஒரே முடிச்சில் இருந்தன. தோட்டம் நிற்கப் போகிறது என்று தெரிந்த பிறகு போடும் கையெழுத்தில் விருப்பம் எவ்வளவு இருக்கும்?

ஆட்குறைப்பு என்ற சொல்லை நீதிமன்றம் விரித்துப் படித்த காலமும் இருந்தது. ஸ்டேட் வங்கி ஓர் ஊழியரை ஒன்பது நாளுக்கு மட்டும் என்று எழுதி நியமித்தது. ஒன்பது நாள் முடிந்ததும் வேலை தானாகவே போய்விட்டது என்றது. 1976-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், என்ன காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான் என்று தீர்ப்பளித்தார். 1984-இல் ஒரு திருத்தம் வந்து, ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விடுவதை ஆட்குறைப்பிலிருந்து வெளியே தள்ளியது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பலர் அந்த ஒரு வரியால் தோற்றார்கள்.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 15 நாள் கணக்கு அப்படியே இருக்கிறது. ஆனால் ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி கேட்க வேண்டிய எல்லை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு ஏறிவிட்டது. நடுத்தரத் தோட்டங்கள் பலவும் இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தனித் தொழிலாளி வழக்குப் போடும் காலக்கெடுவும் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது.

போணக்காடு போல முடங்கிய தோட்டத்துத் தொழிலாளி சிக்கிக்கொள்வது இங்கேதான். நீக்கிய நாள் என்று ஒன்று இருந்தால்தானே அதிலிருந்து இரண்டு ஆண்டு எண்ண முடியும்? 240 நாள் வேலை பார்த்ததைத் தொழிலாளியே நிரூபிக்க வேண்டும் என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகமோ ஆபீஸ் பீரோவில் இருக்கும். நிர்வாகத்திடமிருந்து அதை வரவழைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். பி.எஃப். கணக்கில் மாதாமாதம் விழுந்த தொகை இன்னொரு சாட்சி. "வேலைக்கு வந்தேன், வேலை தரவில்லை" என்று தேதி போட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம், தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு நகல், இரண்டுக்கும் தபால் ரசீது. கம்பெனி தராத தாளைத் தொழிலாளி தானே எழுதிக்கொள்ள இருக்கும் வழி அது. ரசீதில் விழும் தபால் முத்திரை, எண்ணத் தொடங்க ஒரு தேதியைக் கொடுக்கும்.