கை சும்மா இருக்க மாட்டேங்குதா? வகுப்புல ஃபிட்ஜெட் பொருள்களை அனுமதிக்கலாமா?

பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினதுக்காக வகுப்புல திட்டு வாங்கியிருக்கீங்களா? இப்போ அந்த மூடியோட இடத்துக்கு ஸ்பின்னரும் பாப்-இட்டும் வந்தாச்சு. நீங்க கடலூர்ல ட்யூஷன் எடுக்கிறவரோ, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பி.எட். படிக்கிறவரோ, நாளைக்கு உங்க வகுப்புலயும் இந்தக் கேள்வி வரும்: பிடுங்கி வைக்கிறதா, விட்டுடுறதா?

அசைஞ்சா கவனம் போயிடுமா?

எப்பவும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துல செய்த ஆய்வு, 2015-ல் வெளியானது. ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவுப் பிரச்னை உள்ள பிள்ளைகள் அதிகமா அசைஞ்ச நேரத்துலதான், சரியான விடைகளையும் அதிகம் சொன்னாங்க. பெரியவங்க விஷயத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2009-ல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில, சலிப்பூட்டும் போன் பேச்சைக் கேட்டுக்கிட்டே தாள்ல கட்டங்களை நிரப்பினவங்களுக்கு, சும்மா கேட்டவங்களைவிட 29 சதவிகிதம் அதிகமா நினைவிருந்தது.

அப்போ ஸ்பின்னர் ஓகேவா?

அங்கதான் சிக்கல். 2017-ல் ஸ்பின்னர் மோகம் உச்சத்துல இருந்தப்போ பல நாட்டுப் பள்ளிகள் அதைத் தடை செஞ்சன. ஏடிஹெச்டி உள்ள சின்னக் குழந்தைகளிடம் பின்னர் செய்த ஆய்விலும், ஸ்பின்னர் கையில இருந்தப்போ கவனம் குறைஞ்சதாத்தான் தெரிஞ்சது. சுத்துற பொருளைக் கண்ணு பார்க்காம இருக்குமா?

அனுமதிக்கும் முன் 3 கேள்விகள்

1. சத்தம் வருதா?
2. பார்க்காமலே உருட்ட முடியுமா?
3. பக்கத்துல இருக்கிறவங்களைத் தொந்தரவு பண்ணுதா?

இதுல தேறுறதுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு ஸ்பாஞ்ச் துண்டு போதும். பெஞ்ச் கால்களுக்கு நடுவுல பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டிவிட்டா, பாதத்தால சத்தமில்லாம அழுத்திக்கிட்டே பாடம் கேட்கலாம். ஒரு வாரம் கொடுத்துப் பாருங்க. நோட்டுல எழுத்து கூடியிருந்தா தொடரலாம், குறைஞ்சிருந்தா நிறுத்திடுங்க.

"அவனுக்கு மட்டும் ஏன் சார்?"

கட்டாயம் கேட்பாங்க. 'பார்வை மங்கலா இருக்கிறவங்க கண்ணாடி போடுற மாதிரிதான் இது'னு சொல்லுங்க. ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தேவையான வசதி செய்து தரணும்னு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்லுது. ஒரு குழந்தை ரொம்பத் திணறினா, நீங்களே முடிவு கட்டிடாதீங்க. வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர்கள் இருக்காங்க. பெற்றோரை அங்க பேசச் சொல்லுங்க.

'அடங்காதவன்'னு ஒரு தடவை பேர் வாங்கின பிள்ளை, அந்தப் பேரோடயேதான் அடுத்தடுத்த வகுப்புக்குப் போகும். கையைக் கட்டச் சொல்றதுக்கு முன்னாடி, கடைசியா என்ன நடத்தினீங்கன்னு அந்தப் பிள்ளைகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. டக்குனு பதில் வந்தா, கை அதுபாட்டுக்கு ஆடட்டும்!